ரேண்டம் டேபிள் கைகொடுக்கவில்லையா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்தில், பகடை உருட்டி, வந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் வரியைப் படித்து, அதை வைத்து ஆட்டத்தை நகர்த்துவதுதான் ரேண்டம் டேபிளின் வேலை. எந்த விதிநூலை வைத்து ஆடினாலும் அதில் வரும் பழுதுகள் ஏறக்குறைய ஒன்றேதான். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும், உழைப்பு அதிகம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

டேபிளின் இடப்பக்க எண்களை விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். 41–45க்கு அடுத்து 45–50 என்று இருந்தால் 45க்கு இரண்டு பதில். 46–50க்கு அடுத்து 52 என்று இருந்தால் 51க்குப் பதிலே இல்லை. டி6, டி20 என்றால் பகடை, எண் அதன் பக்கங்களின் எண்ணிக்கை. டி100 என்பது பத்தாம் இடத்துக்கு ஒன்று, ஒன்றாம் இடத்துக்கு ஒன்று என இரண்டு பத்துபக்கப் பகடைகள். அதை உருட்டும்போது 00, 0 இரண்டும் சேர்ந்து விழுந்தால் அது 100. டி66 என்றால் இரண்டு ஆறுபக்கப் பகடைகளைக் கூட்டக் கூடாது. ஒன்று பத்தாம் இடம், மற்றது ஒன்றாம் இடம். 11 முதல் 66 வரை மொத்தம் 36 முடிவுகள். எந்த நிறப் பகடை பத்தாம் இடம் என்பதை உருட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். டேபிளே மோசம் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சில டேபிள்களில் பழுது இந்த எண்களில் மட்டும்தான் இருக்கும்.

அறிகுறி 1: முடிவை வாசித்ததும் மேசை அமைதியாகிவிடுகிறது

"மூன்று ஓநாய்கள்" என்று வாசிக்கிறீர்கள். "சரி, இனிஷியேட்டிவ் உருட்டட்டுமா?" என்று ஒருவர் கேட்கிறார், அதாவது சண்டையில் யார் முதலில் என்பதற்கான உருட்டல். சண்டை நடக்கிறது, காயங்களை எண்ணுகிறார்கள், பிறகு அதே பாதையில் நடக்கிறார்கள். நடந்தது யார் நினைவிலும் நிற்பதில்லை. எல்லாப் பழுதுகளிலும் இதுதான் அதிகம் வருவது. அதனால் இதற்குத்தான் அதிக இடம் கொடுக்கிறேன்.

*காரணம்: முடிவை அப்படியே வாசித்துவிட்டீர்கள்.* டேபிளில் இருப்பது உங்களுக்கான குறிப்பு. அது ஆட்டக்காரர்கள் காதில் விழ வேண்டிய வசனம் இல்லை. "ஓநாய்கள்" என்ற சொல்லைச் சொல்லாமல் முதலில் தெரிவதைச் சொல்லுங்கள்: புதருக்குப் பின்னால் மூச்சிரைப்பு, குதிரை காதை விடைத்துக்கொண்டு நிற்கிறது. இதற்கே மேசை அசைந்தால் டேபிளில் கை வைக்க வேண்டாம்.

*காரணம்: வரியில் பெயர்ச்சொல் மட்டும் இருக்கிறது.* ஒவ்வொரு வரியிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இவை இப்போது என்ன செய்துகொண்டிருக்கின்றன? இவற்றுக்கு என்ன வேண்டும்? ஆட்டக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அடுத்து என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத வரிதான் மேசையில் செத்துப்போகிறது. அதே வரியை இப்படி எழுதிப் பாருங்கள்:

"மூன்று ஓநாய்கள். நடுவில் உள்ளது பின்னங்காலில் இரும்புக் கண்ணியை இழுத்துக்கொண்டு நடக்கிறது. அறுந்த சங்கிலியின் முனை இன்னும் துருப்பிடிக்கவில்லை. மற்ற இரண்டும் அதை விட்டு நகர மறுக்கின்றன."

விலங்கும் எண்ணிக்கையும் அதேதான். ஒரு கண்ணி மட்டும் சேர்ந்திருக்கிறது. ஒருவர் காலை விடுவிக்கப் பார்ப்பார். ஒருவர் கண்ணி வைத்தவன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று தடம் பிடிப்பார். காயம்பட்டதை முதலில் அடிக்கலாம் என்று இன்னொருவர் சொல்வார், அதற்கு எதிர்ப்பு கிளம்பும். அந்த வாக்குவாதம்தான் ஆட்டம். சும்மா நின்றால் வேடன் வந்து சேர்வான்.

வரி இரண்டு மூன்று வாக்கியங்களைத் தாண்ட வேண்டாம். எல்லாரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பத்தியைப் படித்து முடிக்க முடியாது.

*காரணம்: முடிவால் எதுவும் மாறுவதில்லை.* "மழை" என்ற வரி அலங்காரம்தான். "மழை, விடியும் வரை ஆற்றில் படகு ஓடாது" என்றால் அது நிகழ்வு. அலங்காரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதை வேறு டேபிளில் வையுங்கள். நிகழ்வு எதிர்பார்த்து உருட்டியவருக்கு அலங்காரம் வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

*காரணம்: குழுவுக்கே போகுமிடம் இல்லை.* இதுதான் விலை கூடியது. "இன்று எங்கே போகிறோம், எதற்கு, எப்போதுக்குள்?" என்று ஆட்டக்காரர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் டேபிளைத் திருத்திப் பயனில்லை. அவசரம் இருக்கும் குழுவுக்குச் சேறுகூடத் தடை. அவசரம் இல்லாத குழுவுக்கு டிராகன்கூட வேடிக்கைதான். முதலில் நோக்கத்தைப் பேசி முடியுங்கள்.

*எப்போது அனுபவசாலியை அழைப்பது:* வரிகளை மாற்றி எழுதியும், நோக்கத்தைப் பேசியும், அமைதி தொடர்ந்தால் அனுபவமுள்ள வேறொரு கேம் மாஸ்டரிடம் (ஆட்டத்தை நடத்துபவர்) அதே டேபிளைக் கொடுத்து ஒரு செஷன் நடத்தச் சொல்லுங்கள். கட்டணத்துக்கு ஆட்டம் நடத்திக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் ஆட்டக்காரராக உட்காருங்கள். பழுது வரியில் இருக்கிறதா, சொல்லும் விதத்தில் இருக்கிறதா என்பது ஒரே அமர்வில் தெரிந்துவிடும்.

அறிகுறி 2: வீட்டில் உட்கார்ந்து உருட்டுகிறேன், கதை பிறக்கவில்லை

செஷனுக்கு முந்தைய இரவு வரும் பழுது இது. பெரும்பாலும் காரணம் மறுபடி மறுபடி உருட்டுவதுதான். பிடித்த முடிவு வரும் வரை உருட்டினால் ஏற்கெனவே மனதில் இருப்பதைத்தான் பகடையிடம் தேடுகிறீர்கள். மூன்று உருட்டலோடு பகடையைக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்த காரணம், டேபிள் ஒற்றைப் பத்தியாக, அதாவது ஒரே நெடுவரிசையாக இருப்பது. ஒரு சொல்லிலிருந்து கதை கிளம்புவது கடினம். ஒட்டாத இரண்டு மூன்று சொற்கள் உரசினால் கிளம்பும். ஆள், ஆசை, இடம் என்று மூன்று பத்திகள் போட்டு ஒவ்வொன்றிலும் தனியாக உருட்டுங்கள். உதாரணமாக: படகோட்டி, ஒரு பெயரை மறைக்க வேண்டும், மூழ்கிய கோட்டை. இதை வைத்துக் கதை எழுதப் போகாமல் கேள்விகளை மட்டும் எழுதுங்கள். யாருடைய பெயர்? யாரிடமிருந்து மறைக்கிறார்? இத்தனை நாள் மறைத்தவரால் இந்த வாரம் ஏன் முடியவில்லை? கடைசிக் கேள்விக்கு "ஆற்றில் நீர்மட்டம் இறங்குகிறது, கோட்டைச் சுவரில் வெட்டிய பெயர் வெளியே தெரியப் போகிறது" என்று பதில் எழுதினால் செஷனின் முதல் காட்சி கையில் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் படகில் ஏறுகிறார்கள், படகோட்டி நேர்வழியில் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறார்.

பத்தியில் இருக்கும் சொற்கள் "துரோகம்", "இருள்", "விதி" என்ற ரகமாக இருந்தால் இந்த முறையும் உதவாது. கையால் தொடக்கூடிய பொருள், பெயர் சொல்லக்கூடிய ஆள், ஆசையில் ஒரு வினைச்சொல் என்று மாற்றுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் டேபிள் உங்கள் உலகத்துடையது இல்லை. வெளியே வாங்கிய டேபிளில் மூன்றில் ஒரு பங்கு வரிகளை அடித்துவிட்டு, உங்கள் கேம்பெயின் (பல செஷன்களாகத் தொடரும் கதை) குறிப்பேட்டில் ஏற்கெனவே உள்ள ஆட்களையும் இடங்களையும் அங்கே எழுதுங்கள். போன மாதம் தப்பித்துப் போன திருடன் 14ஆம் வரியில் காத்திருக்கும் டேபிளை உருட்டும்போது உங்களுக்கே கை நடுங்கும். அந்த ஆவல் மேசைக்கும் தொற்றும்.

அறிகுறி 3: ஒரே முடிவு திரும்பத் திரும்ப வருகிறது

பகடையைச் சந்தேகிக்கும் முன் கணக்கைப் பாருங்கள். 20 வரி டேபிளில் ஆறு முறை உருட்டினால் ஏதாவது ஒரு வரி மறுபடி வருவதற்கான வாய்ப்பு சுமார் 56 சதவீதம். 12 வரியில் ஐந்து முறை உருட்டினாலே சுமார் 62 சதவீதம். ஆறு வரியில் மூன்றே உருட்டலுக்கு 44 சதவீதம். திரும்ப வருவதுதான் இயல்பு.

செலவில்லாத வைத்தியம்: வந்த வரியை அடித்துவிடுங்கள். மறுபடி அந்த எண் விழுந்தால் கீழே அடிக்கப்படாத அடுத்த வரிக்கு இறங்குங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அடிபட்ட வரியின் வாய்ப்பும் சேர்ந்து அடுத்த வரிக்கு இரட்டிப்பு வாய்ப்பு கிடைக்கிறது. எனவே விரைவில் வந்தால் நல்லது என்று நினைக்கும் வரியை வந்துபோனதற்குக் கீழே நகர்த்தி வையுங்கள். செஷன் முடிந்ததும் அடித்த இடத்தில் புதிய வரி எழுதுங்கள். முன்பு நடந்ததன் விளைவையே எழுதினால் டேபிள் கேம்பெயினோடு சேர்ந்து வளரும்.

சில முடிவுகள் திரும்ப வருவதே நல்லது. அதே வேடன் இரண்டாம் முறை வந்தால் அவன் ஒரு கதாபாத்திரம் ஆகிவிடுகிறான். ஆள் உள்ள வரியை அடிக்காதீர்கள், "இரண்டாம் முறை: கண்ணியைக் காணோம் என்று உங்கள் மேல்தான் சந்தேகம்" என்று பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

கொஞ்சம் உழைக்கலாம் என்றால் முடிவுகளைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டு, மற்றவை தீரும் வரை திரும்ப வராது.

இத்தனைக்குப் பிறகும் பகடை மேல் சந்தேகம் தீரவில்லையா? ஆறுபக்கப் பகடையை 120 முறை உருட்டிக் கோடு போடுங்கள். ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 முறை விழ வேண்டும். 14, 26 எல்லாம் சாதாரணம். ஏதாவது ஒரு பக்கம் 10க்குக் கீழே போனாலோ 30ஐத் தாண்டினாலோ இன்னொரு முறை 120 உருட்டுங்கள். அதே பக்கம் மறுபடியும் அப்படியே நின்றால் பகடையை மாற்றிவிடுங்கள்.

அறிகுறி 4: அரிதாக வர வேண்டியது முதல் நாளே வந்துவிடுகிறது

காரணம் பகடைத் தேர்வு. டி20இல் எல்லா வரிக்கும் 5 சதவீதம்தான். சாதாரணக் காவலனும் பழம்பெரும் டிராகனும் சரிசமம். இரண்டு ஆறுபக்கப் பகடைகளைக் கூட்டினால் 7 விழுவது 36க்கு 6, 2, 12 ஒவ்வொன்றும் விழுவது 36க்கு 1. நடுவில் சாதாரணத்தையும் ஓரங்களில் விநோதத்தையும் வைத்தால் போதும். வரிகள் பதினொன்றுதான் கிடைக்கும்.

அதிக வரி வேண்டுமென்றால் டி8ஐயும் டி12ஐயும் கூட்டுங்கள். 2 முதல் 20 வரை பத்தொன்பது வரிகள். 9 முதல் 13 வரை ஒவ்வொன்றுக்கும் 96க்கு 8, ஓரத்தில் உள்ள 2க்கும் 20க்கும் 96க்கு 1. என்கவுன்டர் டேபிளுக்கு (வழியில் எதிர்ப்படுவதைச் சொல்லும் டேபிள்) எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை இது. நடுவில் ஐந்து முடிவுகள் சமமாக நிற்பதால் இடத்தின் குணமும் படியும், சலிப்பும் வராது.

விநோதம் படிப்படியாக ஏற வேண்டுமென்றால் டி6 உருட்டி அதோடு தளத்தின் ஆழத்தைக் கூட்டுங்கள். முதல் தளத்தில் 2–7 மட்டுமே வரும். ஐந்தாம் தளத்தில் 6–11. கீழே போகப் போகத் தொடக்க வரிகள் தானாக மறைந்துவிடும். ஒரே டேபிள், பக்கம் புரட்ட வேண்டாம்.

அறிகுறி 5: ஒன்றுமே நடப்பதில்லை, அல்லது மூச்சுவிட நேரமில்லை

டேபிளைப் பார்க்காதீர்கள், எத்தனை முறை உருட்டுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். 1981இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் விதிநூலில் பாதாளத்தில் (டன்ஜன் எனப்படும் நிலத்தடி அறைகளில்) இரண்டு டர்னுக்கு ஒருமுறை, அதாவது ஆட்ட நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, டி6 உருட்ட வேண்டும். 1 விழுந்தால் ஏதோ வருகிறது. ஒரு மணி நேரத்துக்கு மூன்று உருட்டல், ஒன்றும் வராமல் போக 58 சதவீத வாய்ப்பு. மூன்று மணி நேரத்துக்கு ஒன்பது உருட்டல், அப்போது குறைந்தது ஒன்று வர 81 சதவீதம். இந்த அளவை ஆரம்பமாக வைத்துக்கொண்டு ஏற்றி இறக்குங்கள்.

உருட்டல் எண்ணிக்கை சரியாக இருந்தும் வெறுமையாக இருந்தால், அந்த டி6இன் மற்ற முகங்களுக்கும் வேலை கொடுங்கள். 1 என்றால் நேரில் வருகிறது. 2 என்றால் அது போன தடம், சத்தம், வாடை மட்டும். 3இல் தீப்பந்தம் மங்குகிறது, 4இல் களைப்பு. மிச்சம் இரண்டும் அமைதி. குறிப்பாக 2ஐ விட்டுவிடாதீர்கள். எதிரி வருமுன்பே எதிரியைப் பற்றிப் பேச வைப்பது அதுதான்.

அறிகுறி 6: ஒரே உருட்டலில் குழு மொத்தமும் சாகும் நிலை

வந்த எதிரியின் பலத்தைக் குறைப்பதற்கு முன், விட்டுப்போன உருட்டல்கள் உண்டா என்று பாருங்கள். பெரும்பாலும் பழுது அங்கேதான்.

தூரம் உருட்டினீர்களா? அதே 1981 விதிநூலில் பாதாளத்தில் 2டி6ஐ (இரண்டு டி6களின் கூட்டுத்தொகை) பத்தால் பெருக்கினால் வருவது இடைவெளி, அடிக்கணக்கில். அதாவது 20 முதல் 120 அடி. பெரும்பாலும் ஓடவோ ஒளியவோ இடம் உண்டு.

எதிர்வினை உருட்டினீர்களா? 2டி6: 2 வந்தால்தான் உடனே தாக்குதல். 3–5 பகை, தாக்கக்கூடும். 6–8 என்ன செய்வதென்று தெரியாத நிலை. 9–11 தாக்காது, விலகிப் போகும் அல்லது பேச்சுக்கு இசையும். 12 நட்பு. கண்டதும் பாய்வது 36க்கு ஒருமுறைதான், யோசித்து நிற்பது 36க்கு 16. வருவதெல்லாம் பாயும் என்று வைத்துக்கொண்டு ஆடினால் எந்த டேபிளும் கொலைக்களமாகத்தான் தெரியும்.

இரண்டையும் உருட்டியும் நிலைமை மாறவில்லை என்றால், அந்த வரியை "முதல் முறை: தூரத்தில் நிழல் மட்டும், இரண்டாம் முறை: நேரில்" என்று உடைத்து எழுதுங்கள். அதுவும் போதாவிட்டால் மட்டுமே எதிரியை மாற்றுங்கள்.

அறிகுறி 7: உருட்டும்போது ஆட்டம் நின்றுவிடுகிறது

ஒரு டேபிள் இன்னொரு டேபிளுக்கு அனுப்புகிறது, அது மூன்றாவதற்கு. அதற்குள் ஆட்டக்காரர்கள் போனை எடுத்துவிடுகிறார்கள். மேசையில் உருட்டுவது இரண்டு உருட்டலுக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் நீளும் டேபிள்கள் வீட்டுக்கானவை. 1979இல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் உள்ள ஏ பிற்சேர்க்கை, பாதாளம் முழுவதையும் வழி வழியாக, அறை அறையாகப் பகடையாலேயே கட்டித்தரும். தனியாக உட்கார்ந்து உருட்ட அருமையான ஒன்று. ஆனால் எல்லாரையும் காக்க வைத்துக்கொண்டு அதை உருட்டக் கூடாது.

தீர்வு எளிது: செஷனுக்கு முன் ஐந்தாறு முடிவுகளை உருட்டி ஒரு தாளில் வரிசையாக எழுதிவையுங்கள். மேசையில் உருட்டுவது வருகிறதா இல்லையா என்பதற்கு மட்டும். வந்தால் தாளில் அடுத்த வரி.

அறிகுறி 8: வந்த முடிவு இடத்தோடு ஒட்டவில்லை

பாலைவனத்தில் மீனவர் வந்துவிட்டார். மறு உருட்டல் போடும் முன் அரை நிமிடம் யோசியுங்கள். கடலை விட்டு இத்தனை தூரம் வலையோடு ஒருவர் ஏன் வந்தார்? பதில் வந்தால் அந்த நாளின் மிகச் சிறந்த காட்சி அதுதான். வராவிட்டால் தயங்காமல் தூக்கிப்போடுங்கள். பகடைக்கு நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை.

அடிக்கடி இப்படி நடந்தால் இடத்துக்கு ஒரு டேபிள் எழுதுங்கள். பன்னிரண்டு நல்ல வரிகள் போதும். நூறு வரிப் பொது டேபிளை விட அது உழைக்கும். என்ன வர வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும் இடத்தில் உருட்டவே வேண்டாம். காவலன் கதவருகே நிற்கிறான் என்று நீங்களே முடிவு செய்திருந்தால் நிற்கட்டும்.

அறிகுறி 9: முடிவைக் கேட்டு ஒருவர் முகம் மாறுகிறது

இதில் எளியதிலிருந்து தொடங்கும் வரிசை கிடையாது. ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள், முடிவை மாற்றுங்கள், காரணம் கேட்காதீர்கள். பிறகு டேபிள் முழுவதையும் படித்து, குழந்தைகளுக்குக் கொடுமை, பாலியல் வன்முறை, நோய் போன்ற வரிகளை, மேசையில் உள்ளவர்கள் முன்கூட்டியே சம்மதிக்காத வரை நீக்கிவிடுங்கள். வாங்கிய டேபிளை ஒருமுறைகூட முழுதாகப் படிக்காமல் மேசைக்குக் கொண்டுவருவதால்தான் இது பெரும்பாலும் நேர்கிறது. எக்ஸ் கார்டு, அதாவது X என்று எழுதிய அட்டை ஒன்று மேசை நடுவில் இருக்கட்டும். தொட்டால் அந்தக் காட்சி அங்கேயே விடப்படும். அந்த நண்பரின் வருத்தம் ஆட்டத்தோடு முடியவில்லை என்று தெரிந்தால், கேம் மாஸ்டரின் எல்லை அங்கே முடிகிறது. மனநல ஆலோசகரைப் பார்க்கத் துணையாக இருங்கள்.

டேபிளை வெளியிடப் போகிறீர்கள் என்றால்

உங்கள் மேசையில் வேலை செய்த டேபிள் இன்னொருவர் கையில் சறுக்குவது உண்டு. நீங்கள் மனதில் நிரப்பிக்கொண்ட பாதி, தாளில் இல்லாததுதான் காரணம். உங்களோடு ஆடியே இராத ஒருவரிடம் கொடுத்து, எதுவும் விளக்காமல் நடத்தச் சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே தடுக்கினாரோ அந்த வரிகளை மட்டும் திருத்துங்கள். எண் வரிசையையும் மொழியையும் பார்க்க ஒரு எடிட்டருக்குப் பணம் கொடுப்பது வீண்போகாது.

அரக்கர்களின் பெயரும் விதிகளும் வேறொரு நிறுவனத்தின் ஆட்டத்திலிருந்து வந்திருந்தால் உரிமத்தைப் பாருங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் எஸ்ஆர்டி 5.1 (அதன் அடிப்படை விதிகளின் தொகுப்பு), 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பு 4.0 உரிமத்தில் வெளியிடப்பட்டது. அதில் உள்ளதை உரிய பெயர்குறிப்போடு விற்பனை நூலிலும் எடுத்தாளலாம். அதில் இல்லாத உயிரினங்களுக்கு இந்த அனுமதி பொருந்தாது. எது உள்ளே எது வெளியே என்பதில் ஐயம் இருந்து, விற்கவும் போகிறீர்கள் என்றால், அச்சுக்குப் போகும் முன் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.